மாமா கேட்ட மொய்

"…அதனால மொய்க்கவர் கொண்டாந்தவங்கெல்லாம் அப்படியே பத்திரமா வெச்சுக்குங்க. ஆளுக்கு ஒரு சுமை பார்த்தீனியம் புடுங்கிப் போட்டீங்கன்னா அதுதானுங்க எனக்கு மொய்யி" என்று மைக்கில் சொல்லி முடித்தார் என் தாய்மாமா. பந்தலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஊர், கையில் பிட்ட ஒப்புட்டோடு அவரையே பார்த்தது.

அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். "ஆகட்டுங்க, வந்தர்றோமுங்க" என்பார்கள். வருவதும் வராததும் வேறு சங்கதி. அந்த மழைக்காலத்தில் மாமா வீடுவீடாகப் போய், பள்ளத்தோரம் இடுப்புயரம் நின்ற பார்த்தீனியத்தை எல்லோருமாகப் பிடுங்கிவிடலாம் என்று கேட்டார். காபி கொடுத்தார்கள், தலையாட்டினார்கள், வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளத்தில் மாமாவும் நானும் எங்கள் நாயும்தான் நின்றோம்.

அத்தைக்கு அந்தப் பூ ஆகாது. அதன் தூள் காற்றில் வந்தால் போதும், இளைப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். செடி ஒழிகிறவரை அங்கே இருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் மேட்டுப்பாளையத்துக்குத் தாய்வீடு போனவர், தீபாவளிக்குக்கூட வரவில்லை. ஊர் அதற்கு வேறு காரணம் வைத்திருந்தது.

மாமா மறுபடி புறப்பட்டார், இந்த முறை தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமலிருந்தால் எங்கள் பக்கம் அது தலைமுறைக்கும் பேச்சாகிவிடும். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "வாங்க, வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் கல்யாணமேதான் என்று முடிவுகட்டிக்கொண்டு, கூப்பிடாதவர்களும் வந்துவிட்டார்கள். "பொண்ணு எந்த ஊரு அம்மணி?" என்று என்னை ஓரங்கட்டிக் கேட்டவர்கள் எத்தனை பேர்!

இலையில் கை வைத்தாகிவிட்டது. மொய் செய்யாமல் எப்படி எழுந்து போவது? முதலில் எழுந்தவர் என் பெரியம்மா.

"பட்டுச்சேலை கட்டீட்டு வரச்சொல்லிக் களை புடுங்க வெக்கறயேடா, நீயெல்லாம் நல்லா இருப்பியா சாமி?"

"நல்லா இருக்கறதுக்குத்தானுங்க்கா. அவ வந்து இங்க மூச்சு உடோணுமில்ல?"

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நடந்தார்.

"ஏனுங்க, நான் ரெண்டு எலை சாப்புட்டுப்போட்டேன். எனக்கு ரெண்டு சுமைங்களா?" என்று பால்காரர் கேட்டதில் பந்தலே சிரித்துவிட்டது. அப்புறம் யாரைத் தடுக்க முடியும்! கையில் பாலித்தீன் கவரைச் சுற்றிக்கொண்டு, சரிகை வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மழை ஈரத்தில் செடி வேரோடு வந்தது. மாமா முன்னமே வெட்டி வைத்திருந்த குழியில் போட்டு, நிரம்ப நிரம்ப மிதித்து மண்ணைப் போட்டு மூடினார்கள். பொழுது சாய்வதற்குள் பள்ளத்தோரம், காதுகுத்துக்கு மொட்டையடித்த பிள்ளையின் தலை மாதிரி ஆகிவிட்டது.

மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டுமல்லவா? இன்றைக்கும் அந்த ஊரில் யார் தோட்டத்தில் பார்த்தீனியம் தலைகாட்டினாலும் மாமாவுக்குத்தான் போன் போகிறது. அவரும் பாலித்தீன் கவரைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

அன்றைக்குப் பெரியம்மா பள்ளத்திலிருந்தே அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாலு நாள் கழித்து வரச்சொல்லலாம் என்று மாமா நினைத்திருந்தார். அத்தைக்கு அதுவரை பொறுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"மாமா, அத்தை வந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மாமாவின் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எதிர்கொண்டு போக ரெண்டெட்டு வைத்தவர், சட்டென்று நின்று தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். திரும்பித் தோட்டத்தைப் பார்த்து ஒரே ஓட்டம்.

"மாப்பிள்ளைக்கு வெக்கத்தப் பாரு!" என்று பால்காரர் சிரித்தார். நானும் அதைத்தான் நம்பினேன். ஊரையே கூட்டி இத்தனையும் செய்த மனுஷன், அத்தை வாசலில் நிற்கும்போது வாங்க என்றுகூடச் சொல்லாமல் ஓடுகிறாரே என்று எனக்கு அழுகையாக வந்தது. இழுத்து வந்து நிறுத்துகிற கோபத்தில் பின்னாலேயே ஓடினேன்.

மாமா மோட்டார்த் தொட்டிக்குள் சட்டை வேட்டியோடு இறங்கி முங்கி முங்கி எழுந்து, மீசையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூத்தூளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.