வளைகாப்புக்குத் தடை இல்லை

கல்யாண மண்டப மேனேஜருக்கு முகூர்த்த நாளைவிடக் கஷ்டமான நாள் ஒன்று உண்டு. ஹால் புக் செய்தவரைக் கூப்பிட்டு, “உங்களுக்கு இடமில்லை” என்று சொல்ல வேண்டிய நாள் அது.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், தீபாவளிக்கு முன்னால், மெட்ராஸில் காலரா பரவியது. நான் அப்போது மயிலாப்பூரில் ஒரு நடுத்தர மண்டபத்தில் மேனேஜர். ஒரு நாள் காலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார்.

“இன்னாபா மேனேஜர், நோய் பரவுற டைம். சங்கம், மீட்டிங் எதுக்கும் ஹால் குடுக்காத. மறு உத்தரவு வர்ற வரைக்கும். இன்ஸ்பெக்டர் சொல்லிக்கீறாரு.”

“கல்யாணம்?”

“சுப காரியத்த யாருபா நிறுத்தச் சொன்னது? அதுபாட்டுக்கு நடக்கட்டும்.”

கிருமிக்கு நாதஸ்வரம் கேட்டால் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை. பின்னால் தீபாவளிக் கூட்டம் போடும் சத்தத்தில் அவர் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை.

“போலீசு சொன்னா சொன்னதுதான்யா. நமக்கு எதுக்குப் பொல்லாப்பு?” என்று வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹாலை எடுத்திருந்தது கால்வாய் ஓரத்துக் குடிசைப் பெண்களின் சங்கம். தலைவி தனம்மா, மீன் விற்கிறவர். ஆள் அனுப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரில் வரச் சொன்னேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சத்தம் போடவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

“எங்க பம்பு கைப்பிடிய கார்ப்பரேசன்காரன் கழட்டிக்கினு போய்ட்டான் சார். தண்ணி கெட்டுப்போச்சாம். சரி, கழட்டு. லாரி வுடறேன்னான். அது இஷ்டத்துக்கு வருது. வராத அன்னிக்கு உடைஞ்ச பைப்புலதான் புடிக்கிறோம். எம் பேரன் இப்பத்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துகீறான். இன்னொரு வாட்டி வந்தா தாங்க மாட்டான். எல்லாரும் ஒண்ணா ஆபீசுக்குப் போலாமான்னு பேசத்தான் ஹாலு.”

“உங்க தெருவிலேயே பேசக் கூடாதா?”

“நாலு பேரு நின்னா தொரத்துறான் சார்.”

உள்ளே ஒரு நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் பந்தி. டைனிங் ஹாலில் நிற்க இடமில்லாமல், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் காத்திருந்தார். தனம்மா அதையே பார்த்தார்.

“இவுங்களுக்கெல்லாம் வராதா சார்?”

“சுப காரியம்னா பரவாயில்லையாம்.”

“எம் மருமவளுக்கு ஏழாம் மாசம். வெள்ளிக்கெழம வளகாப்பு வெச்சுக்கிறேன். இப்ப குடுப்பியா?”

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. மாட்டினால் என் வேலை போய்விடும். ஆனால் வளைகாப்பு வேண்டாம் என்று எந்த உத்தரவும் இல்லையே. கொடுத்துவிட்டேன்.

சும்மா பேருக்குத்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். அப்படியில்லை. எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம் எல்லாம் வந்தன. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் மூடி போட்ட அண்டாவில் வந்தது. அன்றைய நிச்சயதார்த்தக்காரர்கள்கூட அவ்வளவு கவனமாக இல்லை. அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். பிறகு பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சந்தனம் பூசி, வளையல் போட்டு, அவள் பக்கத்தில் நின்றபடியே தன் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். யாருக்கு வாந்திபேதி, லாரி எத்தனை நாளாக வரவில்லை, எந்த இடத்தில் பைப்பில் சாக்கடை கலக்கிறது என்று எல்லாம் வந்தது. வளையல் போடுகிறவள்தான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். அத்தனை ஒழுங்கான கூட்டத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

நடுவில் ஏட்டு வந்தார்.

“இன்னாபா நடக்குது?”

“வளைகாப்பு, ஏட்டய்யா.”

வயிற்றுப்பிள்ளைக்காரியின் கையைப் பார்த்தார். முழங்கை வரை கண்ணாடி வளையல். தனம்மா இலை போட்டு அவரை உட்காரவைத்தார். புளி சாதம் சாப்பிட்டார். நல்லா கீதும்மா என்றார், போய்விட்டார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அத்தனை பெண்களும் காலிக் குடத்தோடு கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு லாரி தினமும் வந்தது. தனம்மாவின் பேரனுக்கு நோய் திரும்ப வரவில்லை என்று கேட்டபோது நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

காலரா அடங்கிவிட்டது. தை மாதமும் பிறந்துவிட்டது. மறு உத்தரவு மட்டும் வரவில்லை. தங்கள் தெருவில் பஸ் ஸ்டாப் வேண்டும் என்று கூடிப் பேச ஹால் கேட்டார்கள் சில ரிடையர்டு ஆசாமிகள். நான் ஸ்டேஷனுக்கே போனேன்.

இன்ஸ்பெக்டர், “அப்படியே இருக்கட்டுமேய்யா. உன் மண்டபத்துக்குக் கல்யாணம் வருது, எனக்கும் தலைவலி இல்ல” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அந்த ஆர்டர எழுத்துல குடுங்க சார். மண்டபத்துல ஒட்டிடறேன்.”

“எழுத்துலயெல்லாம் ஏது? வாயால சொன்னதுதான்.”

“அப்போ இன்னியிலேர்ந்து மீட்டிங்குக்கும் ஹால் குடுக்கறேன் சார். நானும் வாயாலதான் சொல்றேன்.”

வெளியே வந்தேன். யாரும் பின்னால் கூப்பிடவில்லை. முதலாளி மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நோய்க்காக ஹாலை மூடச் சொன்னால் மூடுங்கள், அதில் விளையாடக் கூடாது. ஆனால் எப்போது திறப்பது என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மூடச் சொன்னவர்களுக்கு அது தானாக ஞாபகம் வராது.

நான் ஸ்டேஷனுக்குப் போய்வந்த அடுத்த மாதம் தனம்மா மறுபடியும் ஹால் கேட்டு வந்தார். வாசல் போர்டில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். பழைய பயம் எனக்கு முழுதாகப் போகவில்லை. குரலைத் தணித்து, “ஏதாவது விசேஷம்னு போட்டுடவா?” என்றேன்.

“கூட்டம்னே போடு சார், பெர்சா” என்றார். “நாங்க பேசணும்னா ஒவ்வொரு வாட்டியும் எவளாவது முழுகாம இருக்கணுமா?”