ஜீப்பு என் வாசலுக்கே வரும்

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. என்னோடு ஏலக்காய் எடுத்த ஒருத்தி செத்துப்போனாள். அவள் பிள்ளையும் என் சோற்றில்தான் வளர்ந்தது.

போடியில் ஓடைக்கரையில்தான் ரொம்பக் காலம் இருந்தோம். மூத்தவன் வாத்தியார் ஆனபிறகு புது நகரில் மாடி வீடு கட்டினோம். என் தோட்டை விற்ற காசும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. டாக்டர், வக்கீல், ஏலக்காய் வியாபாரி எல்லாம் குடியிருக்கிற தெரு. காய் எடுக்கப் போகிறவள் நான் ஒருத்திதான்.

காலையில் ஜீப்பு என் வாசலுக்கு வரும். உள்ளே பத்துப் பொம்பளைகள், போடிமெட்டு மலைக்குக் காயெடுக்க ஏறிப்போகிறவர்கள். ஒரு மாதம் போனது. நகர் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து மகனிடம் மரியாதையாகத்தான் சொன்னார். கூலி ஜீப்பு தெருவுக்குள் நிற்பது பார்க்க நன்றாயில்லையாம், தெருமுக்கில் போய் ஏறிக்கொள்ளட்டுமாம். மகன் என் முகத்தைப் பார்க்காமல், "முக்கு வரைக்கும் நடந்துரு ஆத்தா" என்றான்.

அவனுக்காக நடந்தேன். அதோடு விட்டேனா? இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கை, காய்க்கறை தெரியக்கூடாதென்று ஜவுளிக்கடைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

ஜீப்பில் ஒருத்தி பையைப் பார்த்துவிட்டாள். "என்ன மதினி, மலைக்கா, மாப்பிள்ளை வீட்டுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வளைவு ஏற ஏற நெஞ்சு எரிந்தது.

மறுநாள் என் வாசலில் நின்று, தெரு பார்க்கப் படங்கைக் கட்டினேன். டிரைவரைத் தெருவுக்குள்ளேயே வரச் சொல்லியிருந்தேன். நடைப்பயிற்சிக்குப் போன சங்கத்துக்காரர் நின்று, முக்கில் ஏறவில்லையா என்று கேட்டார்.

"இது நான் காயெடுத்துக் கட்டின வீடு, அப்பு. சோலிக்கு இங்கயிருந்துதான் போவேன். ஒளிஞ்சு போக நான் என்ன களவாண்டேனா?"

அவர் நடந்துவிட்டார். நான் இருந்த கோபத்தில் சோற்றுத் தூக்கை மறந்து ஜீப்பில் ஏறிவிட்டேன். மகன் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். எல்லார் வீட்டு ஜன்னலும் திறந்துதான் இருந்தது.

"இந்தா ஆத்தா, சோத்த மறந்துட்டுப் போற" என்று சத்தமாகச் சொல்லிக் கொடுத்தான்.

இப்போதும் ரெண்டு வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம். படங்கைத் துவைத்து மொட்டைமாடியில் தெருப்பக்கக் கொடியில்தான் போடுகிறேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். இதை எழுதப் பத்து நாள் ஆனது. பேத்தி, இங்கே வா தாயி, முதலிலிருந்து வாசித்துக் காட்டு. அந்த ஜவுளிக்கடைப் பையைத் தாண்டிப் போயிராதே. அதையும் சத்தமாகவே வாசி.