ஏரித் திட்டில் சிக்கிய நாரை

எழுபத்தெட்டாம் வருடம் மாசி மாதம், திருத்தணிக்குப் பக்கத்து ஏரியின் நடுத்திட்டில், கருவேல மரமெல்லாம் நாரைக் கூடுகள். முட்டையும் குஞ்சும் திருட வருபவர்களை விரட்ட விசைத்தறிக்காரர் இளங்கோவன் ஒரு சிறு கூட்டம் சேர்த்திருந்தார். தையல்காரி தேவசுந்தரி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே காவலுக்கு வந்துவிடுவாள்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம் ஒரு நாரை, காலில் தூண்டில் நைலான் சுற்றி, தாழ்ந்த கிளையில் மாட்டிக்கொண்டு சிறகடித்தது. தேவசுந்தரி தண்ணீரில் இறங்கப் போனாள்.

"வேணாம்மா," என்று தடுத்தார் இளங்கோவன். "நாம கிட்ட போனா மொத்த நாரையும் கூட்டை வுட்டு எழும்பிடும். இந்த வெயில்ல குஞ்சுங்க சுருண்டு பூடும்."

"அது துடிச்சிகினு கீதுண்ணே!"

"ஆங், தெரியுது. வெயில் தாழட்டும்."

அவளால் உட்கார முடியவில்லை. கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சிறகடிப்பு நின்றபோதெல்லாம் அவளும் நின்று கிளையைப் பார்த்தாள். வெயில் தாழ்ந்ததும் கழுத்தளவு நீரில் போய், கத்தரிக்கோலால் நைலானை அறுத்தாள். நாரை அவள் புறங்கையைக் கொத்திவிட்டு, நொண்டிக்கொண்டே மரங்களுக்குள் புகுந்தது.

மறுநாள் அவளுக்குத் தையல் ஓடவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு ஏரிக்குப் போனாள். திட்டு முழுக்க நாரைகள் ஒற்றைக்காலில் நின்றிருந்தன. எது அந்த நாரை என்று தெரியாமல், ஒவ்வொன்றும் மறுகாலை ஊன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.