பத்து மூட்டை மணல்

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவரை, உடன் வேலை செய்தவர்கள் மூட்டைக்காரர் என்றுதான் அழைத்தார்கள். எந்த லிஃப்டைப் பழுதுபார்த்தாலும் பத்து மூட்டை மணலை ஏற்றி, மூன்று தடவை மேலும் கீழும் ஓடவிட்ட பிறகுதான் ஆளை ஏற்றுவார். கம்பெனி அப்படிச் செய்யச் சொன்னதில்லை. நேரம் வீணாகிறது என்று இரண்டு முறை மெமோ கொடுத்திருக்கிறது.

மகளின் கல்யாணத்தன்று அவர் ஒரு ஜவுளிக்கடை லிஃப்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்தபோது மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் மகள் அவரோடு பேசவில்லை. நீங்கள் செய்தது சரியா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று சொல்லியிருப்பார்.

விண்வெளியிலிருந்து வரும் ஒரு பெருங்கல் வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு பூமியில் மோதும், எதுவும் மிஞ்சாது என்று ரேடியோ சொன்னது. குடியிருப்பில் பாதிப் பேர் மலைப்பக்கம் போய்விட்டார்கள். மூட்டைக்காரரின் வீடு ஆறாவது மாடியில். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள், இறங்க முடியாது. மகளுக்கு ஏழு மாதம். படியே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லிஃப்டோ பிரேக் தேய்ந்து மூன்று நாளாக நிற்கிறது. கடைசி நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்று மகள் போன் செய்தாள். அம்மாவுக்குத்தான்.

மூடிக்கிடந்த ஓர் ஆபீஸ் கட்டடத்துக்குப் போய், அங்கிருந்த லிஃப்டின் பிரேக்கைக் கழற்றினார் மூட்டைக்காரர். வெள்ளிக்கிழமை திருப்பித் தருவதாக ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்தார்.

மூன்றேகாலுக்கு மகளும் மருமகனும் வந்தபோது லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்ற பலகை தொங்கியது. அவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

“வேலை முடிஞ்சுதா?” என்றாள் மகள்.

“முடிஞ்சுது. மூட்டை ஏத்தணும்.”

“அப்பா, உலகமே அழியப் போகுது.”

“அழியட்டும்மா. லிஃப்ட் விழக் கூடாது.”

மகள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். ஆறாவது மாடியிலிருந்து மனைவியின் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. “இன்னைக்குமா மூட்டை? உங்களுக்கு அந்தக் கல்லே தேவலாம்.”

மருமகன் சட்டைக் கையை மடித்துவிட்டான். “எத்தனை மூட்டை மாமா?”

“பத்து, மாப்பிள்ளை.” அந்தச் சொல்லை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார்.

மூன்று சுற்று ஓடவிட்டு, மூட்டைகளை இறக்கிவிட்டு, மூவரும் ஏறிப்போனபோது நாலு மணி. மனைவி ஊன்றுகோலோடு வாசலில் நின்றாள். மகளின் கன்னத்தைத் தடவி, “சாப்பிட்டியா?” என்றாள்.

மூட்டைக்காரர் மட்டும் லிஃப்டை விட்டு வெளியே வரவில்லை. “கீழ பலகையை எடுக்க மறந்துட்டேன். யாராவது பாத்துட்டுப் படியேறுவாங்க.”

“நீங்க திரும்பி வர்றப்ப நாங்க இருக்க மாட்டோம்,” என்றாள் மனைவி.

“எல்லாரும் போவோம்மா. இவரைத் தனியா விட்டா இன்னொரு லிஃப்டைத் தேடிப் போயிடுவார்,” என்றாள் மகள்.

நால்வரும் இறங்கும்போது, மூன்றாவது மாடியைத் தாண்டியதும் மின்சாரம் போயிற்று. பெட்டி ஒரு குலுக்கலோடு நின்றது. இருட்டில் மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“பிரேக் பிடிச்சிருக்கு,” என்றார்.

“தெரியுதுப்பா.”

அவள் கையை விடவில்லை. மனைவி கால் வலிக்கிறது என்றாள். மருமகன் தோள் கொடுத்தான். மணியை யாரும் பார்க்கவில்லை. முடிவை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று எழுதியவர்கள் உண்டு. இவர்களுக்கு முன்னால் இருந்தது மூடிய கதவு.

மின்சாரம் வந்தபோது நாலரை. கணக்கீட்டில் பிழை, கல் விலகிப் போய்விட்டது என்று ரேடியோ வருத்தம் தெரிவித்தது.

வெள்ளிக்கிழமை காலை மூட்டைக்காரர் பிரேக்கைக் கழற்றிக் கொண்டுபோய், சீட்டில் எழுதியிருந்தபடி திருப்பி மாட்டிவிட்டு வந்தார். ‘பழுது’ பலகை மறுபடி தொங்கியது. புது பிரேக் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை மகள் ஆறாவது மாடியிலேயே இருக்க வேண்டியதாயிற்று. பிரேக் வந்த அன்று அவர் மூட்டை ஏற்றப் போனார்.

“மெதுவாவே பாருங்கப்பா,” என்றாள் மகள்.