ஆறு பேரை நாலாக்கினேன்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் தெருமுனையில் வெறுமையாய்க் கிடந்த நாலுமாடிக் கட்டடத்தை அரசாங்கம் திருத்தத் தொடங்கியபோது, அது இலங்கையிலிருந்து வந்த எங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, ஒரு நாள் பஸ்ஸில் விமான நிலையத்துக்கு ஏற்றி ஊருக்கே திருப்பி அனுப்பத்தான் என்று நம்பினேன். சும்மா அல்ல, கணக்குப் போட்டு நம்பினேன். மாடிக்கு எட்டு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், பஸ்ஸுக்கு ஐம்பது பேர். மூன்று பஸ் போதும். பத்துப் பேர் நின்றுகொண்டு போகவேண்டும். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்ட கடிதம் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. பயத்துக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது.

கட்டடத்தின் யன்னல்களில் பிளைவுட் பலகை அடித்து வருடக்கணக்காகியிருந்தது. திடீரென்று ஒரு நாள் வேலியில் பெரிய அறிவிப்பு முளைத்தது: பொதுப்பணத்தில் திருத்தி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வருமானத்துக்கேற்ற வாடகையில் கொடுக்கப்போகிறார்கள். கீழே மூன்று அரசாங்கச் சின்னங்கள். ஊரில் ஒரு அரசாங்கத்துக்கே ஓடி ஒளிந்தவன் நான். இங்கே நகரம், மாகாணம், நாடு என்று மூன்று சேர்ந்து எனக்கு வீடு தருகிறதாம். இதை நம்புகிறவன் விசரன் என்று மனைவிக்கு விளக்கினேன். "பிள்ளைக்கு இழுக்குது. நீங்கள் இதில நிண்டு விளக்கம் சொல்லுறியள்" என்றாள் அவள்.

இழுத்தது உண்மை. நாங்கள் இருந்தது நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்ற். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தம்பிமார் இரண்டு பேர். சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. நாலு வயது மகளுக்கு மாரிக் குளிர் முழுக்க மூச்சு இழுத்தது. நிலத்துக்கு மேலே உள்ள வீட்டுக்குப் போங்கள் என்று டொக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மேலே உள்ள வீடுகளின் வாடகையை அவர் சொல்லவில்லை.

விண்ணப்பப் படிவத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு நானா. அந்தக் கட்டடத்தில் சுவர்ப்பலகை அடித்துப் பூசுகிற வேலை அவருக்கு. யாழ்ப்பாணத்து முஸ்லிம் மனிதர்; அவர்கள் அண்ணனை நானா என்பார்கள். வாய் பெரிது, சிகரெட் ஓயாது, தலைமயிரில் எப்போதும் வெள்ளைத் தூள். "தம்பி, மூண்டாம் மாடி, தெற்குப் பக்கம். நல்ல வெளிச்சம். எழுதிப் போடும்" என்றார். என் சந்தேகம் உடனே அவர் பக்கம் திரும்பியது. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் இயக்கத்து ஆட்களின் துவக்குக்கு முன்னால், சில மணித்தியாலத்துக்குள் வீட்டைப் பூட்டித் திறப்பையும் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய முஸ்லிம் சனத்தில் அவரும் ஒருவர். அவர் அதைப் பற்றி என்னோடு கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை, கேட்க எனக்கு முகமில்லை. அப்படிப்பட்டவர் எனக்கேன் வீடு பார்க்கிறார்? பழிவாங்கவா, தரகுப் பணத்துக்கா? ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்: "நானா, உங்களுக்கு இதில என்ன?" சிகரெட்டை ஒரு இழுவை இழுத்தார். "சும்மா கிடக்கிற வீட்டைக் கண்டா எனக்கு விசர் வரும்" என்றார். சரி, தரகுதான் என்று நான் முடிவு செய்தேன்.

மனைவியே படிவத்தை நிரப்பி அனுப்பினாள். சில கிழமைகளில், நாங்கள் இருக்கிற நிலைமையைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வரப்போவதாகக் கடிதம் வந்தது. என் புத்தி பேஸ்மென்றிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்குப் பறந்தது. அங்கே ஆமி வீட்டுக்கு வந்து தலை எண்ணினால், கூடுதலாக நிற்கிற இளந்தலை திரும்பி வராது. மனைவி வேலைக்குப் போன அந்தக் காலையில் மச்சான்மார் இருவரையும் டோனற் கடைக்குத் துரத்தினேன். அவர்களின் மெத்தையைச் சுருட்டிக் கொதிகலனுக்குப் பின்னால் செருகினேன். அதிகாரி வந்தார். முகட்டுக் குழாயில் தலையை இடித்துக்கொண்டார், மன்னிப்பும் அவரே கேட்டார். எத்தனை பேர் என்று கேட்டபோது நாலு விரலைக் காட்டினேன். குளியலறையை எட்டிப் பார்த்தார், ஏதோ எழுதினார், போனார். என் சாமர்த்தியத்தைக் கொண்டாட நானே ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

பின்னேரம் மனைவியும் நானாவும் வாசலில் சந்தித்தார்கள். காலையில் செய்த சாமர்த்தியத்தை இருவருக்கும் சொன்னேன். என் கொண்டாட்டம் அதோடு சரி. "உமக்கு மூளை எங்க கிடக்குது?" என்று நானா கத்தினார். "நெருக்கமாய் இருக்கிற குடும்பத்துக்குத்தான் முதல்ல குடுப்பாங்கள். நீர் ரெண்டு பேரை டோனற் தின்ன அனுப்பியிருக்கிறீர்!"

"ஆமி வந்தா என்ன செய்வம் நானா?"

"உது ஆமியோ? உது பேனையோட வந்த மனிசி!"

மனைவி கத்தவில்லை. மகளின் முதுகைத் தடவியபடி, "அடுத்த மாரியும் இங்கதானோ?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் நானா அரைநாள் வேலையை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. பொய் சொன்னேன் என்று அதிகாரியிடம் நானே போய் ஒப்புக்கொள்ளச் செய்கிறார். இதைவிடச் சுகமாக ஒருவனைப் பிடித்துக் கொடுக்க முடியுமா? கதவுக்குக் கிட்ட இருந்த கதிரையாகப் பார்த்து உட்கார்ந்தேன். நாலு இல்லை, ஆறு என்று என் உடைந்த ஆங்கிலத்தில் ஒருவாறு சொல்லி முடித்தேன்.

அந்தப் பெண் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். முதல் நாளே ஆறு என்று எழுதியிருந்தது. குளியலறைக் குவளையில் ஆறு பல்துலக்கும் பிறஷ் இருந்ததாம், நாலு பெரிது, இரண்டு சின்னது. இப்படி ஆட்களை ஒளிக்கிற குடும்பங்களைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். நானா அங்கேயே வாய்விட்டுச் சிரித்தார். "பிறஷுகளையும் டோனற் கடைக்கு அனுப்பியிருக்கலாமே தம்பி" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் சிரிக்கவில்லை. பஸ் எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிர் தொடங்க முன்னர் மூன்றாம் மாடியில் எங்களுக்கு வீடு கிடைத்தது. எங்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு பஸ்ஸும் வரவில்லை. அந்த மாரியில் மகளுக்கு ஒரேயொரு தடவைதான் இழுத்தது. ஒன்றிரண்டு வருடத்தில் மாகாண ஆட்சி மாறி, புதிதாக இப்படி வீடு கட்டவும் திருத்தவும் கொடுத்த பணத்தை நிறுத்தினார்கள். அதற்கும் பிறகுதான், நானாவின் மனைவி கதையோடு கதையாக என் மனைவிக்குச் சொன்னார். அந்தக் கட்டடத்துக்கு அவர்களும் எழுதிப் போட்டிருந்தார்கள். மூன்று பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்கவில்லை.