குருவி வராத ஞாயிறுகள்

துவைக்கப் போடுமுன் அத்தானின் காற்சட்டைப் பையை உதறினேன். ஒரு பிடி குறுணல் அரிசி குசினித் தரையெங்கும் சிதறியது. அதைக் கூட்டி அள்ளும்போதே அது எதற்கென்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

அத்தான் என் அக்காவின் கணவர். 2009இல் போர் முடிந்தபின் பாரிஸ் வந்த நான், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவர்களோடுதான் இருந்தேன். இடுப்பு வருத்தத்தால் ரெஸ்டோரண்ட் வேலையை விட்டபின் அவர் ஜன்னலடியிலேயே கிடந்தார். நகரத்தில் சிட்டுக்குருவிகள் ஏன் குறைகின்றன என்று ஆராயும் ஒரு பிரெஞ்சுப் பெண், நான் வேலை செய்த மரக்கறிக் கடைக்கு வந்து, ஞாயிறு காலைகளில் ஒரே இடத்தில் நின்று குருவி எண்ண ஆள் கேட்டாள். படிப்புத் தேவையில்லை, பொறுமை போதும் என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அது எவ்வளவு பெரிய சொல். நானும் அத்தானும் ஒப்புக்கொண்டோம். ஞாயிறுகளில் அவர் சேர்ட்டை இஸ்திரிபோட்டு மினுக்கி உடுத்திக்கொண்டு, வேலைக்குப் போய் வருவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்குவார். நாங்கள் ஆளுக்கொரு தெருமூலையில் நின்று எண்ணுவோம்.

அரிசியைப் பற்றிக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "வாற சீவனுக்கு ஒண்டும் குடுக்காமல் எண்ணிறதே? ஒண்டும் வரேல்லை எண்டு எழுதினா எங்கட தெருவுக்கு மரியாதையே?"

எனக்கோ ஒரே பயம். அந்தப் பிரெஞ்சுப் பெண் கண்டுபிடித்தால், படிக்காததுகளிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று என்னையும் சேர்த்து விலக்கிவிடுவாளே. அவரிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. அவள் கடைக்கு வந்தபோது, அவர் பக்கத்தில் நிற்க நிற்க, தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. குருவி வராவிட்டால் அதைத்தான் அறிய வேண்டும், அரிசி போட்டு எண்ணியதைச் சேர்க்க முடியாது, இனிப் போடாமல் எண்ணுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அத்தான் சிரித்தபடி தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில், "உனக்குத்தான் பிள்ளை இது சரி. எனக்கு விருந்தாளியளைப் பாக்கத்தான் தெரியும்" என்றார். அடுத்த ஞாயிறு அவர் சேர்ட்டை மினுக்கவில்லை, எண்ண இறங்கவுமில்லை.

பிறகு அக்காவும் அத்தானும் பாரிஸுக்கு வெளியே கார்ஜுக்குக் குடிபோனார்கள். நான் இன்றும் எண்ணுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஆராய்ச்சியில் இடமிருக்கிறதா என்று யாராவது கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். சொல்லும்போதே அத்தானின் அந்தச் சிரிப்பு கண்ணில் நிற்கும்.

போன ஞாயிறு அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அத்தான் போனை வாங்கி, இன்றைக்கு எத்தனை என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் முறை. ஒன்றுமில்லை என்றேன்.

"இஞ்சை ஜன்னலடியிலை நிறைய வருது பிள்ளை," என்றார். "நான் ஒண்டும் போடேல்லை."