ஒன்பதாம் மாடி ஜன்னலில் ஒரு சேலைத்துண்டு

நாகர்கோவிலில் எங்கள் குடியிருப்பின் ஜன்னல்களை வெளிப்பக்கமாகப் பழுதுபார்க்க வந்தவர் அவர். பெயர் கேட்கவில்லை. ஒன்பதாவது மாடியில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவார். நாம் வந்து திறக்கும்வரை முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வார். பிறர் வீட்டுக்குள் கண் போகக் கூடாதாம்.

தட்டினார். திறந்தேன். படுக்கையறை ஜன்னலின் இடுக்கிலிருந்து மடித்த சேலைத்துண்டு ஒன்றை உருவினார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு அந்த ஜன்னல் கடகடக்கும். நான் தூங்க வேண்டுமென்று என் மனைவி திணித்து வைத்தது.

“புது ரப்பர் போட்டா இது வேண்டாம். எடுத்துக் களையட்டா சார்?”

“அவ வச்சது. போன மாசம் போயிட்டா.”

கயிறு ஆடியது. பிரிந்த துணியை அவர் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

“அப்பம் இந்த ஜன்னல மட்டும் இப்படியே விட்டிரட்டா? இன்னும் கொஞ்சநாளு தாங்கும்.”

“வேண்டாம், சரி பண்ணுங்க” என்றேன், பெரிய தைரியசாலி மாதிரி. மறுபடியும் ஒருதரம் கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னேன். துணியைக் கையில் தந்துவிட்டு ரப்பர் போட்டார்.

ஆடி பிறந்துவிட்டது. வெளியே காற்று பேயாட்டம் ஆடுகிறது. ஜன்னல் அசையக் காணோம். எனக்குத் தெரியாதது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது? துணித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் திணிக்க ஓர் இடுக்குத் தேடி வீடெல்லாம் சுற்றுகிறேன்.